அப்பாவின் டிவி சத்தமும் வாங்காத மாத்திரையும்

கேள்வி:



எனக்கு 49 வயது. பாளையங்கோட்டையில் ஒரு வங்கியில் கேஷ் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். என் அம்மா போன ஐப்பசியில் தவறிப்போனார். அவருக்கு 78 வயது. கடைசி ஏழு வருஷமும் மறதிநோயோடுதான் கழிந்தது. முதலில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார். பிறகு வளையலைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்துவிட்டு, வேலைக்கு வரும் பெண் எடுத்துவிட்டாள் என்று தெருவையே கூட்டினார். கடைசி இரண்டு வருஷம் என்னைத் தன் தங்கை என்று நினைத்துத்தான் பேசினார். ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிட்டோம். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவே இரண்டு வருஷம் ஆகிவிட்டது. முன்னாலேயே காட்டியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்ற எண்ணம் என்னை விட மாட்டேன் என்கிறது.

இப்போது பயம் என்னைப் பற்றி. அடுக்களைக்குப் போய் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசிக்கிறேன். பல வருஷமாக வருகிற வாடிக்கையாளரின் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வருவதில்லை. போன வாரம் செல்போனை ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டு அரைமணி நேரம் வீடு முழுக்கத் தேடினேன். மாதவிலக்கு நிற்கிற சமயம், தூக்கமும் சரியில்லை. ஆபீசில் நடந்த மருத்துவ முகாமில் பி.பி. 148/92 என்றார்கள். சர்க்கரை ‘பார்டரில்’ இருக்கிறது, மூன்று மாத சராசரி 6.3 என்றார்கள். பி.பி.க்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டுமே என்று நான் வாங்கவில்லை.

துபாயில் இருக்கும் அண்ணன், மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம் என்கிறார். அமெரிக்காவில் புது ஊசி வந்திருப்பதாகவும் சொல்கிறார். அத்தை தினமும் வல்லாரைச் சாறு குடி என்கிறார். மகள் செல்போனில் சுடோகு ஏற்றித் தந்திருக்கிறாள். இதில் எதுதான் உண்மையில் தடுக்கும்?

அப்பாவுக்கு 80 வயது, எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு ஞாபகம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. காதுதான் கொஞ்சம் மந்தம், டிவியைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வைப்பார். அம்மா போன பிறகு வெளியே எங்கேயும் போவதில்லை. மெடிக்கலில் சொல்லி ஒரு தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.

– வாசகி, பாளையங்கோட்டை

பதில் அளிப்பவர்: முதியோர் நல மருத்துவர்

முதலில் அந்தச் செல்போனை முடித்துவிடுவோம். அதை எங்கே வைத்தீர்கள், எவ்வளவு நேரம் தேடினீர்கள், எங்கே கிடைத்தது என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். மறதிநோய் வந்தவரிடம் பெரும்பாலும் இந்தக் கணக்கு இருக்காது. மறந்ததையும் சேர்த்து மறந்துவிடுவார். ‘எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்’ என்பார். புகாரோடு வருவது மகளோ, கணவரோ, மருமகளோதான்.

என் அறைக்கு வருகிறவர்களிடம் பேச்சோடு பேச்சாக, ‘நேத்து ராத்திரி என்ன பலகாரம்?’ என்று கேட்பேன். பதில் சொல்லாமல், கூட வந்தவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதற்குப் பிறகுதான் முறையான சோதனை. தாளில் ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்வது உலகமெங்கும் உள்ள வழக்கம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஆச்சியிடம் பென்சிலைக் கொடுத்தால் அவருக்குப் பென்சில் பிடிக்கத் தெரியாது என்பதுதான் தெரியவரும். அவரிடம், நூறு ரூபாய் கொடுத்து 37 ரூபாய்க்குக் காய் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்பேன். புளிக்குழம்பு வைப்பதை முதலிலிருந்து சொல்லச் சொல்வேன். ஐம்பது வருஷம் வைத்த குழம்பில் நடுவழியில் நின்று, ‘அப்புறம் போட வேண்டியதெல்லாம் போடணும்’ என்று மழுப்பினால், ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே எனக்குப் பாதி தெரிந்துவிடும்.

உங்களுக்குத் தினமும் சாயங்காலம் கேஷ் டேலி ஆகிறதா? ஆகிறதென்றால் பயப்படாதீர்கள். உங்களுக்கு இருப்பது கவனச் சிதறல். மனதில் பதியாத ஒன்றைத் திரும்ப எடுக்க முடியாது. மாதவிலக்கு நிற்கிற பருவம், கெட்டுப்போன தூக்கம், அம்மாவைப் பறிகொடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத துக்கம், இவை மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் இப்படித்தான் இருக்கும். ஆனாலும் ரத்தத்தில் தைராய்டையும் வைட்டமின் பி12ஐயும் பார்த்துவிடுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் விழுங்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் பி12 குறைவது சகஜம். அந்தக் குறைவு மறதிநோய் மாதிரியே வேஷம் கட்டும். நாளாக விடாமல் ஊசி போட்டால் வேஷம் கலைந்துவிடும். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து பல வாரம் கழித்து மண்டைக்குள் மெல்லக் கசிந்து தேங்கும் ரத்தம் ஆகியவையும் இப்படி ஏமாற்றக் கூடியவைதான். அதனால்தான், எந்த வயதானவருக்கு மறதி வந்தாலும் ‘வயசு’ என்ற முத்திரையைக் குத்துவதற்கு முன் ஒரு முறை சோதித்துப் பார்க்கச் சொல்கிறோம்.

அந்த முத்திரையை அம்மாவுக்குக் குத்தியதற்காக நீங்கள் உங்களையே நொந்துகொள்கிறீர்கள். மருத்துவ உலகமே எழுபது வருஷம் அப்படித்தான் செய்தது. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் 1906இல் அலாய்ஸ் அல்சைமர் ஒரு நோயாளியின் மூளையில் கண்டதை விவரித்தார். அகஸ்டே டேட்டர் என்ற அந்தப் பெண்மணி 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனைக்கு வந்தபோது அவருக்கு வயது 51தான். அதனால், அல்சைமர் என்பது நடுவயதுக்காரர்களுக்கு அபூர்வமாக வரும் நோய், கிழவர்களின் மறதி மூப்பின் இயல்பு என்று இரண்டையும் பிரித்தே வைத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே நோய்தான், ஏராளமான முதியவர்களுக்கு இருப்பதால் அது நோயில்லை என்று ஆகிவிடாது என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் அடித்துச் சொன்னது 1976இல். நீங்கள் இரண்டு வருஷம்தான் தாமதித்தீர்கள்.

இந்த நோயில் அமிலாய்டு என்ற புரதம் நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படியும். டவ் என்ற இன்னொரு புரதம் அணுக்களுக்குள்ளே முறுக்கிக்கொள்ளும். புது நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி ஆரம்பத்திலேயே அடிபடும். அம்மாவுக்கு உப்புப் போட்டது பதியவில்லை. அதனால் மறுபடி போட்டார். வளையலை ஒளித்ததும் பதியவில்லை. ஆனால் கையில் வளையல் இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறதே! யாரோ எடுத்துவிட்டார்கள் என்பதுதான் அந்த மூளைக்கு அகப்பட்ட விளக்கம். அதில் வன்மம் கிடையாது. பழைய நினைவுகள் கடைசியாகத்தான் போகும். அம்மா தன் இளவயதில் வாழ்ந்துகொண்டிருந்தார். அந்த வயதில் அவருக்கு நாற்பது தாண்டிய மகள் ஏது? உங்கள் ஜாடையில் ஒரு தங்கை இருந்தார்.

முன்பே காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டோனபெசில் போன்ற மாத்திரைகள் அறிகுறிகளைக் கொஞ்சகாலம் தணித்திருக்கும். அந்த வேலைக்காரப் பெண்ணின் மேல் பழி விழுந்திருக்காது. வீட்டில் கோபதாபம் குறைந்திருக்கும். நோய் நின்றிருக்காது. இதை உங்களைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

ஆனால் இதே உண்மைக்கு இன்னொரு பக்கம் உண்டு. மூளையில் படிவு சேரத் தொடங்குவது அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து, இருபது வருஷம் முன்னால். அம்மாவுக்கு 71இல் ரசம் உப்புக் கரித்தது என்றால், காரியம் ஆரம்பித்தது ஐம்பதை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பிறகோ இருக்கும். உங்களுக்கு இப்போது 49. ஆகவே உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்டவை நீங்கள் பயப்படும் வரிகள் அல்ல. நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள். ஒன்று, வாங்காமல் விட்ட மாத்திரை. மற்றது, அப்பாவின் டிவி. அவற்றுக்கு வருவதற்குள் அண்ணனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

மரபணுவைப் பற்றிய பயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஒரே ஒரு மரபணு கெட்டு, குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக நாற்பது ஐம்பது வயதிலேயே நோய் வரும் வகை ஒன்று உண்டு. கொலம்பியா நாட்டின் அன்டியோக்கியா மலைப்பகுதியில் அப்படி ஒரு பெருங்குடும்பம் இருக்கிறது. அங்கே அந்த மரபணு உள்ளவர்கள் நாற்பதுகளின் நடுவிலேயே தடுமாறத் தொடங்குகிறார்கள். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் இந்த வகை மிகச் சொற்பம். எழுபதைத் தாண்டி நோய் தொடங்கிய உங்கள் அம்மா அதில் சேர்த்தி இல்லை. அண்ணன் சொல்லும் டெஸ்டில் பார்ப்பது ஏ.பி.ஓ.ஈ. என்ற வேறொரு மரபணுவை. அதில் நான்காம் வகை ஒரு பிரதி இருந்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடும், இரண்டு பிரதி இருந்தால் இன்னும் அதிகம். இருந்தும் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு. ரிப்போர்ட்டில் எப்படி வந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. அந்தப் பணத்துக்குக் கையில் சுற்றிப் பார்க்கும் நல்ல பி.பி. மெஷின் ஒன்று வாங்குங்கள், மீதியும் இருக்கும்.

புது ஊசி உண்மைதான். லெக்கானமேப் என்ற ஊசிக்கு அமெரிக்கா 2023இல் முழு அனுமதி தந்தது, அடுத்த வருஷம் டொனானமேப் வந்தது. இரண்டும் அமிலாய்டை மூளையிலிருந்து வழித்தெடுக்கும். ஆனால் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, போன நினைவைத் திருப்பித் தராது. சிலருக்கு மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் உண்டாக்குவதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தொடக்க நிலை நோயாளிகளுக்கு மட்டும்தான். நோயே இல்லாத உங்களுக்கு இதில் வேலையில்லை.

இனி, எது தடுக்கும் என்ற உங்கள் கேள்வி. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. காது மந்தம், கெட்ட கொழுப்பு, சிறுவயதில் படிப்பு இல்லாமை, தனிமை, மனச்சோர்வு, தலையில் அடிபடுதல், காற்று மாசு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது, உடல் பருமன், உடலுழைப்பு இன்மை, சரிசெய்யாத பார்வைக் குறைவு என்று அந்தப் பட்டியல் போகிறது. இவை அத்தனையையும் ஒழித்தால் உலகில் மறதிநோயாளிகளில் சுமார் 45 சதவீதம் பேருக்கு நோய் வராமல் போகவோ தள்ளிப்போகவோ செய்யலாம் என்பது அவர்கள் கணக்கு. இந்த 45ஐ வாட்ஸ்அப்பில் படாதபாடு படுத்துகிறார்கள். இது மொத்த மக்கள்தொகைக்குப் போட்ட கணக்கு. ‘ஒழுங்காக இருந்தால் எனக்கு 45 சதவீதம் பாதுகாப்பு’ என்று தனி ஆள் இதைப் படிக்கக் கூடாது. எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் வரும். வந்தவரைப் பார்த்து ‘என்ன தப்புப் பண்ணினாரோ’ என்று கேட்பதற்கு இந்த எண்ணில் இடமே இல்லை.

படிப்பு என்ற காரணியை நம் ஊர்க் கண்ணோடு பாருங்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். எழுபது வருஷத்துக்கு முன்னால் யாரைப் பள்ளிக்கு அனுப்பினோம், யாரை அடுப்படியில் நிறுத்தினோம் என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. அதை இப்போது திருத்த முடியாது. உங்கள் மகள் படிப்பதோடு அந்தக் கணக்கு உங்கள் வீட்டில் நேராகிறது.

உங்களைப் பொறுத்தவரை நான் முதலில் வைப்பது ரத்த அழுத்தம். லான்செட் பட்டியலில் அதன் பங்கு 2 சதவீதம்தான், காதுக்கும் கெட்ட கொழுப்புக்கும் ஆளுக்கு 7. பிறகு ஏன் முதலிடம் என்றால், ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு சாராருக்கு வைத்தியம் செய்து, மறு சாராரோடு ஒப்பிட்டுப் பார்த்து நிரூபித்திருப்பது இதில்தான். சீனாவின் கிராமப்புறத்தில் 326 ஊர்களைப் பிரித்தார்கள், ஏறக்குறைய 34,000 பேர். பாதி ஊர்களில், டாக்டர் பட்டம் இல்லாத கிராம மருத்துவப் பணியாளர்களே மாத்திரை கொடுத்து, பி.பி.யை நன்றாக இறக்கினார்கள். நான்கு வருஷத்தில் அந்த ஊர்களில் மறதிநோய் 15 சதவீதம் குறைவு. 2025இல் வந்த முடிவு இது. அதற்கு முன்பே, 2019இல், அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டிய 9,000க்கும் மேற்பட்டவர்களிடம் மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவந்து பார்த்தார்கள். மறதிநோயின் முன்கட்டமான லேசான நினைவுக் குறைவு 19 சதவீதம் குறைந்தது. வெளிநாட்டுச் சேதிதானே என்று தள்ளிவிடாதீர்கள். அந்தச் சீனக் கிராமத்தில் நடந்ததற்குப் பக்கத்தில் வரக்கூடிய ஏற்பாடு நம்மிடமும் இருக்கிறது. 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரை தருகிறார்கள். அது மூளைக்கும் சேர்த்துத் தருகிற மாத்திரை என்பதை வாங்குகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும், கொடுக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

மூளையின் ஆழத்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. தாமிரபரணிக் கால்வாயின் கடைமடை வயல் மாதிரிதான் அந்தப் பகுதி. மேலே எங்கே கோளாறு வந்தாலும் முதலில் காய்வது அதுதான். பல வருஷம் 148இல் ஓடும் ரத்தம் அந்தக் குழாய்களின் சுவரைத் தடிக்கவைத்து, விறைக்கவைத்து, ஒவ்வொன்றாக அடைக்கும். வலி இருக்காது, கை கால் விழாது. அறுபத்தைந்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும்.

முகாமில் கூட்டத்துக்கு நடுவே நின்று பார்த்த ஒற்றை அளவை மட்டும் வைத்து மாத்திரையைத் தொடங்கச் சொல்ல மாட்டேன். ஏழு நாள், காலையிலும் இரவிலும் வீட்டில் பாருங்கள். அதற்கு அரைமணி முன்னால் காபி வேண்டாம். சாய்மானம் உள்ள நாற்காலியில் ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கால் மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் வைத்து, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை. முதல் நாளைக் கழித்துவிட்டு மீதி ஆறு நாளின் சராசரி 135/85ஐத் தாண்டினால் அது உண்மையான பி.பி., மாத்திரை வேண்டும். ‘வாழ்நாள் முழுக்க’ என்கிறீர்கள். மூக்குக்கண்ணாடியை வாழ்நாள் முழுக்கத்தான் போடுகிறோம், அதற்கு யாரும் அழுததில்லை. உப்பைக் குறைத்து, நடந்து, எடையும் இறங்கினால் மாத்திரையின் அளவு குறையலாம், சிலருக்கு நிறுத்தவும் செய்யலாம். அதைப் பார்த்துப் பார்த்து மருத்துவர் செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்துவது வேறு.

சர்க்கரை 6.3 என்பது இன்னும் வியாதியாகவில்லை, வாசலில் நிற்கிறது. இரவுச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துப் பயறையும் காயையும் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் மூச்சு வாங்க நடந்தால் பலருக்குத் திரும்பிப் போய்விடும். அதே ரத்தத்தில் கெட்ட கொழுப்பையும் பார்த்துவிடுங்கள். கொழுப்பு மாத்திரை மறதியைக் கொண்டுவரும் என்று உங்களுக்கும் ஒரு செய்தி வந்திருக்கும், அதை நம்ப வேண்டாம்.

அத்தையின் வல்லாரை நல்ல கீரை. துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். மறதிநோயைத் தடுக்கும் என்பதற்குப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த சான்று கிடையாது. மேல்நாட்டில் இதே நம்பிக்கையோடு விழுங்கும் ஜிங்கோ இலை மாத்திரையை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களிடம் பல வருஷம் சோதித்தார்கள். 2008இல் முடிவு வந்தது: வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ‘மூளை டானிக்’ என்று பாட்டிலில் விற்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சுடோகு போட்டால் சுடோகுவில் கைதேர்வீர்கள். அதைத் தாண்டி எவ்வளவு பயன் என்பதில் எனக்குச் சந்தேகம். ஆளோடு ஆள் சேர்ந்து, கொஞ்சம் சிரமப்பட்டு, புதிதாக எதையாவது கற்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம். ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளிகளின் விவரத்தை அலசி 2013இல் வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசிப் புழங்கியவர்களுக்கு நோய் நான்கரை வருஷம் தள்ளித் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இப்படி வித்தியாசம் இருந்தது. எல்லா நாட்டு ஆய்வுகளும் இதை ஒத்துச் சொல்லவில்லை. இருந்தாலும், உங்கள் கவுண்டருக்கு வரும் மலையாளி வாடிக்கையாளரிடம் தட்டுத்தடுமாறி மலையாளம் பேசிப் பழகுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. சுடோகுவைவிட அது சுவாரஸ்யமும்கூட. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பி.பி. கொழுப்புக் கண்காணிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு வருஷம் நடத்தி, 2015இல் நல்ல பலன் கண்டார்கள். எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்தது. அதில் ஒன்றைப் பிய்த்து எடுத்து ‘இதுதான் மருந்து’ என்று விற்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இப்போது அப்பா. ‘நன்றாகத்தான் இருக்கிறார், காதுதான் கொஞ்சம் மந்தம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 80 வயது, மனைவியை இழந்தவர், வெளியே போவதில்லை, காது கேட்கவில்லை, தூக்க மாத்திரை. உங்கள் வீட்டில் இன்றைக்கு ஆபத்து அதிகம் உள்ளவர் அவர்தான், நீங்கள் இல்லை.

வயதில் வரும் காது மந்தத்தில் சத்தம் மொத்தமாகக் குறைவதில்லை. ச, ஸ, ஃப போன்ற மெல்லிய உயர்ந்த ஒலிகள் முதலில் நழுவும். அதனால்தான் ‘நீ பேசறது கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல’ என்பார்கள். விட்டுப்போன எழுத்துகளை ஊகித்து நிரப்புவதற்கே மூளை பாடுபடும்போது, கேட்டதைப் பதித்து வைக்க மிச்சம் கொஞ்சம்தான். அதைவிட எனக்குப் பெரிய கவலை, நாலு பேர் இருக்கும் இடத்தில் ‘ஆங்?’ ‘ஆங்?’ என்று கேட்டுச் சலித்து, கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் டீக்கடைக்கும் போவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது. டிவி மட்டும்தான் திருப்பிக் கேள்வி கேட்காது. அப்பா வெளியே போகாததற்கு அம்மாவின் பிரிவு மட்டும்தான் காரணம் என்று நினைத்திருப்பீர்கள். பாதிக் காரணம் காதாக இருக்கலாம்.

காது மெஷின் மறதிநோயைத் தடுக்குமா? அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் மூன்று வருஷம் சோதித்து 2023இல் முடிவு சொன்னார்கள். எல்லோரையும் ஒன்றாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்தவர்களை, அதாவது வயது கூடியவர்கள், பி.பி. சர்க்கரை உள்ளவர்கள், தனியாக வாழ்கிறவர்கள் போன்றோரை மட்டும் பிரித்துப் பார்த்தால், நினைவாற்றல் சரிவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. உங்கள் அப்பா இந்த இரண்டாவது கூட்டத்தில் சேருகிறவர். அப்படிச் சேராவிட்டாலும் பேரப்பிள்ளை பேசுவது காதில் விழுவதற்கே மெஷின் போடலாம்.

தூக்க மாத்திரையை ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள். பல நாள் பழகியதைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பு, சிலருக்கு வலிப்புகூட வரும். அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்க வழி கேளுங்கள். இந்த வயதில் அந்த மாத்திரை தூக்கத்தைவிடத் தடுமாற்றத்தைத்தான் அதிகம் தரும். ராத்திரி எழுந்து கழிவறைக்குப் போகும்போது விழுந்தால் இடுப்பெலும்பு முறியும், அல்லது தலை அடிபடும். சளிக்கு மெடிக்கலில் கொடுக்கும் தூக்கம் வரவைக்கிற மாத்திரைகளும் முதியவர் மூளைக்கு ஆகாது. மெடிக்கல்காரர் நல்ல மனிதராக இருக்கலாம், அவரிடம் அப்பாவின் சிறுநீரக ரிப்போர்ட் கிடையாது. திடீரென்று ஒரே நாளில் அப்பா உளற ஆரம்பித்தால், அதை மறதிநோய் என்று நினைத்து வீட்டில் வைத்திருக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்றோ, சோடியம் குறைவோ, நிமோனியாவோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கண்ணையும் காட்டிவிடுங்கள். புரை இருந்தால் தள்ளிப்போடாமல் எடுத்துவிடலாம். புரை எடுத்துக்கொண்டவர்களுக்கு மறதிநோய் சுமார் 30 சதவீதம் குறைவாக வந்ததாக ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. அது கவனித்துக் கணக்கிட்ட ஆய்வுதான், முழு நிரூபணம் அல்ல. ஆனால் தினத்தந்தியை அவர் தானே படிக்க முடிகிறது என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்? இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். வேல்ஸ் நாட்டில் அக்கி தடுப்பூசி போட்டுக்கொண்ட முதியவர்களுக்கு அடுத்த ஏழு வருஷத்தில் மறதிநோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2025இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே போட்டது பழைய வகை ஊசி, இப்போது இங்கே கிடைப்பது வேறு வகை, விலையும் அதிகம். மறதிக்காக அதைப் போடச் சொல்ல மாட்டேன். அக்கி வந்து மாதக்கணக்கில் எரிச்சலில் துடிக்கும் முதியவர்களைப் பார்த்திருப்பதால், வசதியிருந்தால் அக்கிக்காகப் போடலாம் என்பேன்.

காதுக்கு முதலில் போக வேண்டிய இடம் மெஷின் விற்கும் கடை அல்ல, காது மூக்கு தொண்டை மருத்துவர். பலருக்குக் காதுக்குள் குறும்பி கல்லாக அடைத்திருக்கும். அதை எடுத்துவிட்டு ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுக்க வேண்டும். மெஷின் சில ஆயிரத்திலிருந்து லட்சத்துக்கு மேல்வரை இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் இலவசமாகவே தருகிறார்கள். அப்பா ‘எனக்கு நல்லாத்தான் கேக்குது’ என்று முரண்டு பிடிப்பார். ‘உங்களுக்குக் காது கேக்கல’ என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. பேரப்பிள்ளையை விட்டு, ‘தாத்தா, நான் சொல்றது உங்களுக்குக் கேக்க மாட்டேங்குது’ என்று சொல்லச் சொல்லுங்கள். போட்ட முதல் வாரம் பாத்திரச் சத்தமெல்லாம் இடி மாதிரி விழும். முதலில் தினம் ஒரு மணி நேரம், வீட்டுக்குள், ஒருவரோடு மட்டும் பேசும்போது போட்டுப் பழக வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு முதல் நாளே போட்டுக்கொண்டு போனவர்தான் மறுநாள் அதைக் கழற்றிப் பீரோவில் வைக்கிறவர்.

ஆடியோகிராம் சீட்டில் கோடுகளுக்குக் கீழே, பேச்சை எவ்வளவு பிரித்தறிகிறார் என்று இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். அது மிகக் குறைவாக இருந்தால், மெஷின் சத்தத்தைக் கூட்டித் தரும், சொல்லைத் தெளிவாக்காது. அப்படியானால் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் வேறு வழி உண்டா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். இரண்டு காதுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தாலும் அதற்கான காரணத்தை முதலில் பார்க்க வேண்டும். அந்தச் சீட்டையும் உங்கள் ஏழு நாள் பி.பி. குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள், மாத்திரையைப் பற்றி அப்போது பேசுவோம்.